இருட்டை அளக்கும் எண்

புதுப் படம் பேச உட்காரும்போதே இப்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கதை கேட்டு முடித்து, எத்தனை நாள் நைட் ஷூட் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் தயாரிப்பு நிர்வாகி கேட்பார்: "சார், இந்த கேமரா எவ்ளோ ஐஎஸ்ஓ வரைக்கும் போகும்?" எண் பெரிதாக இருந்தால் விளக்குகள் குறையும், ஜெனரேட்டர் சிறிதாகும், செலவு இறங்கும் என்பது அவர் கணக்கு. கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் பதில் மட்டும் மாறுவதில்லை: "டெஸ்ட் எடுத்துட்டுச் சொல்றேன் சார்."

அந்தப் பதிலை விரித்துச் சொல்லவே இதை எழுதுகிறேன். கம்பெனிக்காரர்கள் கேமராவுக்குக் கொடுத்து அனுப்பும் ஐஎஸ்ஓ எண் ஒரு தொடக்கப் புள்ளி. நம் கதைக்கு, நம் நடிகர்களின் முகத்துக்கு, நம் படம் ஓடப்போகும் திரைக்கு எந்த எண் பொருந்தும் என்பதை ஒளிப்பதிவாளர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த எண்ணுக்கு அவரேதான் பொறுப்பேற்க வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஃபிலிம். நான் உதவியாளராகச் சேர்ந்த காலத்தில் இரவுக் காட்சி என்றால் கோடக்கின் 500 டங்ஸ்டன் ஃபிலிம்தான். 2002இல் 5218 வந்தது, 2007இல் 5219. டப்பாவின் லேபிளில் 500 என்று அச்சிட்டிருக்கும். எங்கள் கேமராமேனோ மீட்டரில் 320 என்று வைப்பார். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பது; 500க்கும் 320க்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் வித்தியாசம். அவ்வளவு ஒளியை ஃபிலிமுக்குக் கூடுதலாகவே கொடுப்பார். நெகட்டிவ் அடர்த்தியாக வரும். லேப்பில் பிரின்ட் போடும்போது அதைக் கீழே இறக்கினால் கறுப்பு கெட்டியாக நிற்கும், நிழலில் கிரெயின் துள்ளாது. "டப்பாவுல இருக்கறது கோடக்கோட நம்பர்டா. 320 என்னோட நம்பர்" என்பார்.

அந்த 320 அவர் ஊகித்துச் சொன்னதல்ல. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் சிறு ரோல் ஒன்றில் சாம்பல் அட்டையையும் ஒரு முகத்தையும் அரை ஸ்டாப், அரை ஸ்டாப்பாக மாற்றி எடுப்போம். கழுவி பிரின்ட் போட்டதும் லேப்பிலிருந்து பிரின்டர் லைட் எண்கள் வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி எண். ஒரு ஸ்டாப்புக்கு ஏழெட்டுப் புள்ளி என்ற கணக்கில், நெகட்டிவ் எவ்வளவு கனமாக வந்திருக்கிறது என்று அந்த எண்ணே சொல்லிவிடும். பிறகு பிரிவியூ தியேட்டரில் உட்கார்ந்து திரையில் பார்ப்போம். மீட்டரில் வைக்கும் எண் கடைசியில் அந்தத் திரையில் முடிவானது.

கேமரா உதவியாளர்கள் முதலில் மனப்பாடம் செய்யும் வாய்ப்பாடு ஒன்று உண்டு. 100 ஏஎஸ்ஏ ஃபிலிம், நொடிக்கு 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர். 100 ஃபுட்கேண்டில் ஒளி விழுந்தால் அப்பர்ச்சர் 2.8. மற்றதெல்லாம் இதிலிருந்து பெருக்கல், வகுத்தல். 500இல் 20 ஃபுட்கேண்டில் போதும். 800இல் பன்னிரண்டரை. 2500இல் வெறும் நான்கு. இன்றைக்கும் எந்தப் புதுக் கேமராவைப் பற்றி யார் பெருமையாகச் சொன்னாலும் நான் மனதுக்குள் இந்த வாய்ப்பாட்டைத்தான் போட்டுப் பார்க்கிறேன்.

இந்தக் கணக்கின் அருமை புரிய 1975இல் வந்த 'பாரி லிண்டன்' படத்தை நினைத்துப் பார்க்கலாம். மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுக்க வேண்டும் என்று ஸ்டான்லி கூப்ரிக் உறுதியாக இருந்தார். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டிடம் இருந்தது 100 ஏஎஸ்ஏ ஃபிலிம். லேப்பில் ஒரு ஸ்டாப் தள்ளி அதை 200 ஆக்கிக்கொண்டார்கள். நாசாவுக்காக ஸைஸ் செய்த 50 மில்லிமீட்டர், எஃப் 0.7 லென்ஸைத் தேடிப்பிடித்து, அதற்காகவே ஒரு மிட்செல் கேமராவை மாற்றியமைத்தார்கள். வாய்ப்பாட்டைப் போட்டால் 200 ஏஎஸ்ஏயில் 0.7 அப்பர்ச்சருக்கு மூன்று ஃபுட்கேண்டில் வருகிறது. இன்றைக்கு 2500 பேஸ் ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் அடிப்படை வேகம், உள்ள கேமராவில் சாதாரண 2.8 லென்ஸைப் போட்டால் நான்கு. அரை நூற்றாண்டுக்கு முன் விண்வெளிக்குச் செய்த லென்ஸை வைத்து எட்டிப்பிடித்த வெளிச்சத்தை இன்றைக்கு வாடகைக் கேமராவில் கிட்டத்தட்டத் தொட்டுவிடலாம். இது பெரிய வரம். அதை மதித்துக் கையாள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு சொல்கிறேன்.

டிஜிட்டல் இந்த வரத்தை முதல் நாளே கொண்டுவந்து கொடுத்துவிடவில்லை. தமிழில் 2004இல் 'வானம் வசப்படும்', 2005இல் 'மும்பை எக்ஸ்பிரஸ்' என்று டிஜிட்டலில் எடுத்த படங்கள் வந்துவிட்டன. 2007இல் ரெட் ஒன் வந்தபோது அதன் சென்சாருக்குச் சொல்லப்பட்ட எண் 320. கையில் இருந்த ஃபிலிமோ 500. இரவுக் காட்சிக்கு ஃபிலிமுக்கு வைத்ததைவிடக் கூடுதலாக விளக்கு கேட்ட கேமரா அது. கொஞ்சம் குறைத்து எடுத்துவிட்டு பின்னால் தூக்கினால் நிழலில் கோடுகோடாக நாய்ஸ் எழும். கிரெயின் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறும், அதனால் கண் அதை மன்னித்துவிடும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் இந்தக் கோடுகளைக் கண் மன்னிக்காது. கேமராவை ஆன் செய்து, சூடு நிலைத்த பிறகு லென்ஸை மூடி வைத்து சென்சாரின் கறுப்பைச் சரிசெய்துகொள்வது அப்போது வந்த பழக்கம். ரெட் கேமரா என்றால் என் உதவியாளர்கள் இன்றும் அதைச் செய்யாமல் முதல் ஷாட்டுக்கு வருவதில்லை.

2010இல் நிலைமை மாறியது. ரெட் தன் சென்சாரை மாற்றி 800 என்றது. அதே ஆண்டு வந்த ஆரி அலெக்ஸாவும் 800 என்றது. இன்றுவரை 800 என்ற எண் நம் துறையில் ஊன்றி நிற்பதற்கு அந்த ஆண்டுதான் காரணம்.

அந்த 800 எதைக் குறிக்கிறது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். அலெக்ஸாவின் சென்சார் ஏறத்தாழ 14 ஸ்டாப் அகலத்துக்கு வெளிச்சத்தைப் பதிவு செய்கிறது. அதன் உச்சி சென்சார் நிரம்பி வழியும் இடம். அடி, நாய்ஸில் எல்லாம் கரைந்துபோகும் இடம். இவை இரண்டும் சென்சாரின் இயல்பு, மெனுவில் எண்ணை மாற்றுவதால் நகராது. எண்ணை மாற்றும்போது நகர்வது நடுவில் இருக்கும் சாம்பல், அதாவது 18 சதவீதம் ஒளியைத் திருப்பித் தரும் அட்டையின் இடம். 800இல் அதற்கு மேலே ஏறத்தாழ ஏழரை ஸ்டாப், கீழே ஆறரை. 1600 என்று வைத்தால் மேலே எட்டரை, கீழே ஐந்தரை. 400 என்றால் மேலே ஆறரை, கீழே ஏழரை. கூட்டிப் பாருங்கள், எல்லாம் 14தான். எண்ணை ஏற்றும்போது கேமராவுக்குப் புதிதாகப் பார்வை வந்துவிடுவதில்லை. நிழலிடமிருந்து ஒரு ஸ்டாப்பை எடுத்து ஹைலைட்டுக்குக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

இதனால்தான் வழக்கத்துக்கு நேர்மாறான ஒரு பழக்கம் எங்களிடையே வந்தது. வெயில் கொளுத்தும் வெட்டவெளியில், வெள்ளை வேட்டியும் வானமும் ஃபிரேமில் இருந்தால் 1600 வைத்து என்டி ஃபில்டரைப் போட்டு எடுப்பேன். மேகத்தின் மடிப்பு பிழைத்துக்கொள்ளும். விளக்கே ஃபிரேமில் இல்லாத இருட்டு அறையில் 400 வைத்து, அதற்கேற்ற ஒளியைக் கொடுப்பேன். நிழல் சுத்தமாக இருக்கும். இருட்டுக்குப் பெரிய எண், வெளிச்சத்துக்குச் சின்ன எண் என்று ஃபிலிம் டப்பாக்களோடு வளர்ந்தவர்களுக்கு இது பழக நாளாகும். பழகிவிட்டால் எக்ஸ்போஷர் என்பதே வேறு விதமாகத் தெரியும்.

கம்பெனிகள் இந்த எண்ணை எப்படி நிர்ணயிக்கின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டிஜிட்டல் கேமராவின் வேகத்தை அளக்க ஐஎஸ்ஓ 12232 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அது ஒரே ஒரு வழியைச் சொல்லவில்லை. சென்சார் நிரம்பும் இடத்தை வைத்து அளக்கலாம். நாய்ஸ் எந்த அளவுக்குப் பொறுக்கலாம் என்பதை வைத்து அளக்கலாம். உற்பத்தியாளரே தன் பரிந்துரையாக ஓர் எண்ணைச் சொல்லவும் அதில் இடமுண்டு. ஆகவே இரண்டு கம்பெனிகளின் 800 ஒரே அளவுகோலில் அளந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவர் நிழலில் கொஞ்சம் நாய்ஸ் இருந்தால் பரவாயில்லை என்று முடிவெடுத்திருப்பார், இன்னொருவர் கூடாது என்று நினைத்திருப்பார். அவர்களின் ரசனையும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அதனால்தான் நம் ரசனைக்கும் அதில் இடம் வேண்டும் என்கிறேன்.

நாய்ஸ் எங்கிருந்து வருகிறது? கேமராவின் கோளாறு என்றே பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வெளிச்சத்தின் குணம். கோடைத் தூறல் தொடங்கும்போது மொட்டை மாடித் தரையைப் பாருங்கள். ஒரு சதுரத்தில் மூன்று துளி விழுந்திருக்கும், பக்கத்துச் சதுரத்தில் ஒன்றுகூட இருக்காது. நன்றாகப் பெய்துவிட்டால் எல்லாச் சதுரமும் ஒரே மாதிரி நனைந்திருக்கும். ஃபோட்டான்களும் அப்படித்தான் வந்து விழுகின்றன. சென்சாரின் ஒரு பிக்சலில் சராசரியாகப் பத்தாயிரம் ஃபோட்டான் பதிவானால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது நூறு. ஒரு சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது. நூறு ஃபோட்டான் மட்டும் பதிவானால் ஏற்ற இறக்கம் பத்து. பத்து சதவீதம், திரையில் கொதிக்கும். சென்சாரின் மின்சுற்று சேர்க்கும் நாய்ஸ் இதற்கு மேல் தனி. வருங்காலத்தில் எவ்வளவு நல்ல சென்சார் வந்தாலும் வந்துசேராத ஃபோட்டானை அது எண்ண முடியாது. இருட்டில் எடுப்பவர் இந்த இயற்பியலை மதித்துத்தான் ஆக வேண்டும்.

மெனுவில் தெரியாத இன்னொரு பள்ளமும் உண்டு. அது நீல நிறம். பெரும்பாலான சென்சார்கள் பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமாகச் சமநிலை கொண்டவை. டங்ஸ்டன் பல்பிலும் மெழுகுவர்த்தியிலும் சிவப்பு அள்ளிக் கொட்டும், நீலம் சொட்டுச்சொட்டாகத்தான் வரும். பழைய தெருக்களின் சோடியம் விளக்கில் அதுவும் இருக்காது. வொயிட் பேலன்ஸை அதற்கேற்ப வைத்ததும் கேமரா நீலத்தை மட்டும் பெருக்குகிறது. பெருக்கும்போது நாய்ஸும் சேர்ந்து பெருகும். பகலில் 800 தாங்கும் கேமராவுக்கு அரிக்கேன் விளக்கில் அதே 800 சுமை. டெஸ்ட் எடுக்கும்போது நீலச் சேனலை மட்டும் தனியாகக் கறுப்பு வெள்ளையில் காட்டச் சொல்லி, நிறம் சரிசெய்யும் டிஐயில் (டிஜிட்டல் இன்டர்மீடியட்) பார்ப்பேன். மற்ற இரண்டும் வழவழப்பாக இருக்கும்போது அது மட்டும் மணல் தூவியது போலிருக்கும்.

இந்த நாய்ஸுக்குக் கம்பெனிகளும் ஒரு வழி கண்டன. 2014இல் பானசோனிக் வேரிகேம் 35 இரண்டு பேஸ் ஐஎஸ்ஓவோடு வந்தது: 800, 5000. சோனி வெனிஸ் 500, 2500 என்று வந்தது; அதற்கடுத்த வெனிஸ் 2இன் 8கே சென்சாரில் 800, 3200. சோனியின் எஃப்எக்ஸ் 6இல் 800, 12800. ஒரே சென்சாருக்கு இரண்டு பேஸ் எப்படி என்று உதவியாளர்கள் கேட்பதுண்டு. ஒளி சென்சாரில் எலெக்ட்ரான்களாகச் சேர்கிறது. அதை மின்னழுத்தமாக மாற்றி, பெருக்கி, பிறகுதான் எண்ணாக்குகிறார்கள். எண்ணாக்குவதற்கு முன்பே, அந்த அனலாக் கட்டத்திலேயே, அதிகம் பெருக்கும் தனிப்பாதை ஒன்றை அமைத்துவிட்டால், பின்னால் வரும் மின்சுற்றின் நாய்ஸ் அதன் முன் சிறுத்துப்போகும். மெனுவில் வெறுமனே எண்ணை ஏற்றுவதற்கும் பேஸையே மாற்றுவதற்கும் இதுதான் வேறுபாடு. 2022இல் வந்த அலெக்ஸா 35 இன்னொரு வழியில் போய், 2560இலிருந்து 6400 வரைக்கும் கூடுதல் உணர்திறன் முறை ஒன்றைத் தருகிறது.

இதில் நடைமுறையில் பார்த்து நடக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வெனிஸில் 2000 வேண்டுமென்றால் 500 பேஸில் நின்றுகொண்டு இரண்டு ஸ்டாப் தூக்கலாம். 2500 பேஸுக்குப் போய் மூன்றில் ஒரு ஸ்டாப் இறங்கலாம். மீட்டருக்கு இரண்டும் ஒன்றே. நிழலுக்கு இரண்டும் வேறு வேறு உலகம். கேமரா ரிப்போர்ட்டில் பேஸையும் ஈஐயையும் (எக்ஸ்போஷர் இண்டெக்ஸ், நாம் வைக்கும் எண்) தனித்தனியாக எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோரக் கிராமம் ஒன்றில் எடுத்த இரவுக் காட்சியைச் சொன்னால் இந்தக் கணக்கெல்லாம் எப்படி ஒன்றுசேர்கிறது என்று விளங்கும். பனையோலைக் குடிசை. ஒரு தாய் அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மகன் வரக் காத்திருக்கிறாள். விளக்கு நடிகையின் முகத்திலிருந்து ஒன்றரை அடியில் இருந்தது. மீட்டர் நான்கு ஃபுட்கேண்டில் காட்டியது. அதே விளக்கிலிருந்து மூன்றடியில் ஒன்று. ஆறடியில், பின்சுவரின் ஓலைப் பின்னல் இருந்த இடத்தில், கால். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒளி நான்கில் ஒரு பங்காகும் என்ற விதி அந்தக் குடிசைக்குள் அப்படியே கண்முன் நின்றது. முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் சுவர் நான்கு ஸ்டாப் கீழே.

2500 பேஸில் 2.8 வைத்தால் முகம் சரியாக விழும். விளக்கின் வெளிச்சத்தில் நீலம் இல்லை என்பதால் அதே பேஸில் ஈஐயை 1600க்கு இறக்கினேன். மூன்றில் இரண்டு ஸ்டாப் ஒளி கூடுதலாக வேண்டும். லென்ஸை 2.2க்குத் திறந்தால் கிடைக்கும். ஃபோகஸ் புல்லரிடம் கேட்டேன்: "தம்பி, 2.2 தாங்குமா?" அவர் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "அம்மா விளக்கைத் தூண்டக் குனியற இடத்துல மட்டும் ஒரு மார்க் குடுத்துடுங்க சார், பாத்துக்கறேன்" என்றார். குறைந்த ஒளியில் எடுக்கும் ஒவ்வொரு ஷாட்டும் ஃபோகஸ் புல்லரின் தோளில்தான் நிற்கிறது. உயர்ந்த ஐஎஸ்ஓ கிடைத்ததில் எனக்குப் பெரிய ஆறுதல், லென்ஸை 1.3 வரை திறந்து அவரைத் தவிக்கவிடாமல் இருக்க முடிவதுதான்.

சுவரை என்ன செய்வது? நான்கு ஸ்டாப் கீழே ஓலைப் பின்னல் நாய்ஸோடு கலந்து சேறாகிவிடும். குடிசைக்கு வெளியே தெர்மோகோலில் ஒரு சின்ன எல்இடியை அடித்து, ஓலை இடுக்குகள் வழியாக மங்கிய நீல ஒளியைச் சுவரின் ஓரத்தில் மட்டும் விழவைத்தோம். மீட்டரில் அது ஒரு ஃபுட்கேண்டிலைக்கூடத் தொடவில்லை. விளக்கில் இல்லாத நீலம் அங்கிருந்து வந்தது. பின்னலின் விளிம்பு தெரிந்தது. நிலவு வெளியே இருக்கிறது என்ற உணர்வும் சேர்ந்தது. மொத்தத்தில் செலவான மின்சாரம் ஒரு வீட்டு ஃபேனுக்கு ஆவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். லைட்மேன்கள் அந்த ஒற்றை விளக்கை நகர்த்தி நகர்த்தி வைக்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது. அளவு சிறுத்துவிட்டதே தவிர, வெளிச்சத்தை வைக்கும் வேலை சிறுக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையைச் சொல்ல வேண்டும். ஒரு படத்தில், கேமரா இருட்டிலேயே பார்க்கும் என்று சொல்லி இரவுக் காட்சிக்கான லைட் யூனிட்டைத் தயாரிப்புத் தரப்பு பாதியாகக் குறைத்துவிட்டது. தெருவிளக்கிலேயே எடுத்தோம். எக்ஸ்போஷர் போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் எல்லா முகத்திலும் மேலிருந்து ஒரே மாதிரி வெளிச்சம். கண்குழி கறுத்து, நடிகரின் பார்வையே திரையில் இல்லை. உணர்திறன் அளவைக் கொடுக்கும். திசையை, மென்மையை, எது தெரிய வேண்டும் எது மறைய வேண்டும் என்பதை அது கொடுக்காது. பாலு மகேந்திராவுக்கு தேசிய விருது வாங்கித் தந்த 'மூன்றாம் பிறை' வந்த 1982இலும், பி.சி. ஸ்ரீராமுக்கு வாங்கித் தந்த 'நாயகன்' வந்த 1987இலும் ஃபிலிம் இன்றைய சென்சார்களைவிடப் பலமடங்கு மெதுவானது. அந்தப் படங்களின் இருட்டுக்கு இன்றும் ஈடு சொல்ல முடியவில்லை என்றால் அது எண்ணால் வந்த அழகு இல்லை. லைட்மேன்களைக் குறைத்து அதை யாராலும் வாங்க முடியாது.

நிலவொளியைப் பற்றியும் கேட்கிறார்கள். வாய்ப்பாட்டை மறுபடி போடலாம். முழுநிலவு தரையில் ஏறத்தாழ கால் லக்ஸ் ஒளி தரும். ஃபுட்கேண்டிலில் 0.02 சொச்சம். 12800 ஐஎஸ்ஓவில், 1.4 அப்பர்ச்சரில், சரியான எக்ஸ்போஷருக்கு ஏறத்தாழ 0.2 தேவை. ஆக, மூன்று ஸ்டாப் கீழே. இரவு இரவாகத் தெரிய வேண்டுமென்றால் காட்சி இரண்டு மூன்று ஸ்டாப் கீழே இருப்பதே பொருத்தம். எனவே வானமும் மணல்மேடும் கடலும் உண்மையான நிலவில் எடுக்கக்கூடியவைதான், நானும் எடுத்திருக்கிறேன். முகம் வந்தால் கதை வேறு.

முகம்தான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியம். பாடப்புத்தகங்களில் முகத்தை நடுச் சாம்பலுக்கு ஒரு ஸ்டாப் மேலே வை என்று எழுதியிருப்பார்கள். அது வெள்ளைத் தோலுக்கான கணக்கு. கோடக் நிறுவனம் கலர் பிரின்ட்டைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய ஷர்லி அட்டைகளில் நெடுங்காலம் இருந்ததும் வெள்ளைக்காரப் பெண்களின் முகமே. நம் ஊர் முகங்கள் பல சாம்பல் அட்டைக்குச் சமமாகவோ அதற்குக் கீழேயோ ஒளியைத் திருப்புகின்றன. கரிசல் காட்டில் உழைத்த ஒரு முகம் சாம்பலுக்கு ஒரு ஸ்டாப் கீழேயே தொடங்கும். அதன் நிழல் பக்கம் இன்னும் மூன்று ஸ்டாப் கீழே போகும். வெள்ளை முகத்தில் இரண்டு ஸ்டாப் கீழே நிற்கும் கன்னம் நம் முகத்தில் நான்கு ஸ்டாப் கீழே நிற்கிறது. கம்பெனி சொன்ன எண்ணை அப்படியே வைத்தால் நாய்ஸ் குடியேறுவது நம் கன்னத்தில். அதைத் தவிர்க்க முகத்தையே வெளுக்க வைக்கும் பழக்கம் நம் சினிமாவில் இருந்தது, இன்னும் இருக்கிறது. எண்ணைக் குறைத்து நிழலுக்கு இடம் கொடுத்தால் அந்த முகத்தை அதன் நிறத்திலேயே, அதன் எண்ணெய் மினுமினுப்போடு, கம்பீரமாகக் காட்டலாம். நான் பெரும்பாலும் பேஸுக்குக் கீழே வைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் திரை. டிஜிட்டல் சினிமாவுக்கான தரப்படி திரையின் வெள்ளை 14 ஃபுட்லாம்பர்ட் இருக்க வேண்டும். டிஐ அரங்கில் அப்படித்தான் இருக்கும். சிறு ஊர்த் தியேட்டரில் விளக்கு வயதாகி, திரை அழுக்கேறியிருந்தால் அவ்வளவு வராது. நாம் ஐந்து ஸ்டாப் கீழே வைத்து ரசித்த சுவர் அங்கே வெறும் கறுப்பு. ஓடிடியில் வேறு சிக்கல். ஃபைலைச் சுருக்கும் முறை நாய்ஸைத்தான் முதலில் தின்கிறது; அதோடு நிழலின் நுண்ணிய வேறுபாடும் போய், கட்டம் கட்டமாகிவிடும். சுத்தமான நிழல் எந்தத் திரையிலும் பிழைக்கும். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவருக்கு நடிகரின் கண் தெரிய வேண்டும். நம் கடமை அதுவரை நீள்கிறது.

ஆகவே, இளம் ஒளிப்பதிவாளர்களுக்கு: கேமரா முடிவானதும் ஒரு நாள் டெஸ்டுக்குக் கேளுங்கள். உங்கள் நடிகரை உட்காரவையுங்கள், அவர் இல்லையென்றால் அதே நிறமுள்ள ஒருவரை. பக்கத்தில் சாம்பல் அட்டை, ஒரு கறுப்பு வெல்வெட், ஒரு வெள்ளை வேட்டி, எரியும் பல்பு ஒன்று. ஷட்டரை 172.8 டிகிரியில் வையுங்கள். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு, நம் ஊர் மின்சாரத்துக்கு விளக்குகள் துடிக்காது. பேஸில் ஒன்று எடுங்கள். பிறகு ஒரு ஸ்டாப், ஒரு ஸ்டாப்பாக ஐந்து வரை கீழே, ஐந்து வரை மேலே. படத்தில் வரப்போகும் விளக்கிலேயே இதை இன்னொரு தடவை செய்யுங்கள். எல்லாவற்றையும் டிஐயில் நடு நிலைக்குக் கொண்டுவந்து, மானிட்டரில் வேண்டாம், பெரிய திரையில் பாருங்கள். எந்த இடத்தில் கன்னத்தின் நிறம் சாம்பலாகிறது? எந்த இடத்தில் வெல்வெட்டின் மடிப்பு மறைகிறது? பல்பைச் சுற்றி எப்போது விளிம்பு வெட்டுகிறது? கலரிஸ்டையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அங்கே உங்கள் எண் கிடைக்கும்.

2500 பேஸ் உள்ள கேமராவில் நெருப்பு வெளிச்சக் காட்சிக்கு என் எண் 1600. எல்இடி தெருவிளக்கில் 2000. அலெக்ஸாவில் இருட்டான உள்ளறைக்கு 400 அல்லது 500. இன்னொரு ஒளிப்பதிவாளர் அதே கேமராவில் 3200 வைத்து, நாய்ஸைக் கதையின் தோலாக்கி அருமையாக எடுப்பார். அவர் டெஸ்ட் பார்த்து எடுத்த முடிவு அது. அதற்கு அவரிடம் காரணம் இருக்கும். தயாரிப்பாளர் அந்த ஒரு நாளை ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: அதற்குப் பிறகு வரும் ஒவ்வோர் இரவும் எத்தனை விளக்கு, எவ்வளவு ஜெனரேட்டர், எத்தனை ஆள் என்று துல்லியமாக உங்களால் எழுதிக் கொடுக்க முடியும். அவர் முதலில் கேட்ட கேள்விக்கு நேர்மையான விடை அந்தப் பட்டியல்தான்.